இன்சுலின் பம்பி: செற்றைக் கையால் பொருத்துவது எப்படி?



1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, நாம் வாழும் இந்த ரொறன்ரோ நகரின் பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. மருந்து தூய்மை குறைந்தது, பலன் சொற்பம். கொலிப் என்பவர் சுத்திகரித்த மருந்தை 23ஆம் திகதி ஏற்றிய பின்னரே சீனி இறங்கியது. அந்தப் பிள்ளை மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று நம்மவர் பிள்ளைகளும் இடுப்பில் பம்பியுடன் பள்ளிக்கூடம் போகிறார்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் தகுதி பெறும் பிள்ளைகளுக்கு 2006 முதலும் பெரியவர்களுக்கு 2008 முதலும் ஒன்ராறியோ அரசு பம்பிக்கு உதவி செய்கிறது.

பம்பி மருந்தைத் தள்ளும். அதை உடலுக்குள் சேர்ப்பது இன்பியூஷன் செற் என்னும் சிறு குழாய்த் தொகுதி. இதனை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். விசை அழுத்திக் குத்தும் கருவியின் சத்தத்துக்கே என் மகன் அழுவான். ஆகவே கையால் குத்தப் பழகினோம்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தொப்புளில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சென்ற முறை குத்தாத இடமாகத் தெரிவு செய்யுங்கள். வேட்டி முடிச்சும் பாவாடை நாடாவும் அழுத்தும் இடம் வேண்டாம். ஸ்பிரிட் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தில் பிளாஸ்டர் ஒட்டாது. குழாயை மருந்தால் நிரப்பும்போது அது உடலில் இணைந்திருக்கவே கூடாது. மறந்தால் அவ்வளவு இன்சுலினும் உள்ளே போய்ச் சீனி ஆபத்தாக விழுந்துவிடும்.

சாய்வாகக் குத்தும் வகையென்றால் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து, 30 முதல் 45 பாகை சரிவில் ஒரே வீச்சில் செலுத்துங்கள். பயந்து பயந்து அமுக்கினால்தான் நோகும், கனுலாவும் மடங்கும். உருக்கு ஊசி வகையை நேராகக் குத்த வேண்டும். அதில் மடங்க எதுவுமில்லை, ஆனால் இரண்டு நாளில் மாற்ற வேண்டும். சில செற்றுகள் கருவிக்கென்றே செய்யப்பட்டவை. உங்களுடையது எதுவென்று நீரிழிவுத் தாதியிடம் கேட்டு, முதல் முறை அவர் முன்னிலையில் குத்துங்கள்.

ஒருநாள் படுக்கப் போகும் நேரத்தில் செற்றை மாற்றினேன். விடிய மகன் சத்தி எடுத்தான், சீனி 22. கழற்றிப் பார்த்தால் கனுலா மடங்கிக் கிடந்தது. பம்பியில் உள்ளது விரைவு இன்சுலின் மட்டுமே. அது தடைப்பட்டால் சில மணித்தியாலத்திலேயே கீற்றோன் ஏறத் தொடங்கும். அன்று வைத்தியசாலையில் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. அதன் பிறகு எங்கள் வீட்டில் காலையில்தான் மாற்றுவோம்; இரண்டு மணித்தியாலத்துக்குள் சீனி பார்ப்போம். 14க்கு மேல் போனால் கீற்றோனையும் பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் இன்சுலினைப் பேனா ஊசியால் போட்டு, புதுச் செற் குத்த வேண்டும். சத்தி வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

தேர்த் திருவிழாவில் அங்கப்பிரதட்சணம் செய்வோர் பம்பியைக் கழற்றி, வெயில் படாமல் வீட்டாரிடம் கொடுக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழற்றி வைக்க வேண்டாம். கந்தசஷ்டி விரதமென்று அடிப்படை இன்சுலினை நிறுத்துவது மிகவும் ஆபத்து. அளவைக் குறைக்க வேண்டுமா என்று ஒரு கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.