மலையேறுவோர் அறியவேண்டிய மூன்று செடிகள்

சில ஆண்டுகட்கு முன் ஒரு விடுமுறை நாளில், தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு அணித்தாயுள்ள கரடு ஒன்றன்மீது ஏறுவான் கருதி யாம் நால்வர் புறப்பட்டோம். அடிவாரத்து வேலியைக் கடக்குங்கால் எம்முள் ஒருவர் திருகுகள்ளிக் கொம்பைப் பற்றினார். முள்ளின்மையால் அதனைத் தீங்கற்றதென்று எண்ணினார் போலும். கொம்பொடிந்து பால் கையிற் பட்டது. அதனைப் பொருட்படுத்தாது அக்கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பாதி வழியில் கண்ணெரிச்சல் பொறுக்கவொண்ணாததாயிற்று.

ஆடு மேய்த்துநின்ற மூதாட்டி ஒருவர், "கள்ளிப்பாலா சாமி? கசக்காதே, தண்ணிய ஊத்து" என்று கூவினார். குடிப்பதற்குக் கொணர்ந்த நீரெல்லாம் கண் கழுவவே செலவாயிற்று. மாலைக்குள் பார்வை மங்கிற்று. மருத்துவரின் சிகிச்சையால் பல நாள் சென்றபின்னரே தெளிந்தது. கள்ளி சார்ந்த யூஃபோர்பியேசிக் குடும்பத்தின் இலக்கணத்தை யாம் வகுப்பில் ஒப்பித்தவர்களே. எனினும் எதிரே நின்ற செடியை அறிந்தோமில்லை.

செடிகளால் தோலில் நேரும் எரிச்சல் ஒன்றுபோல் தோன்றினும் அதன் காரணம் பலவாம். காரணம் வேறாதலின் பரிகாரமும் வேறாகும்.

முதலாவது, கள்ளி. இதன் பாலிலுள்ள டைட்டர்பீன் எஸ்டர்கள் என்னும் பொருள்கள் தோலையும் கண்ணையும் புண்படுத்தும். தோலிற் பட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் தூய நீர் விட்டுக் கழுவி, தாமதமின்றி மருத்துவரை அடைக.

இரண்டாவது, காஞ்சொறி எனவும் வழங்கும் செந்தட்டி. இதன் நுண்மயிர்கள் ஊசிபோல் தைத்துத் தொட்ட கணமே கடுக்கும். தேய்த்தாலும் சொறிந்தாலும் அவை மேலும் ஆழப் பதியும். ஒட்டும் பட்டியை மெல்ல அழுத்தி உரித்து அவற்றை நீக்கியபின் கழுவுதல் நன்று.

மூன்றாவது, சேங்கொட்டை. மாவும் முந்திரியும் சார்ந்த குடும்பத்தது. இதன் சாறு பட்டவுடன் பலருக்கு ஒன்றும் தோன்றாது. ஓரிரு நாள் கழித்தே தோல் சிவந்து கொப்புளிக்கும். இது ஒவ்வாமையால் வருவது. ஆதலின் ஒருவருக்குத் தீங்கு செய்யாதது மற்றொருவரைப் பெரிதும் வருத்தலாம். சலவைத் தொழிலாளர் துணிக்கு அடையாளமிட இச்சாற்றைப் பயன்படுத்தி வந்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கப் போர்வீரர் சிலருக்கு, உடையிலிட்ட அக்குறி பட்ட இடத்தில் தோல் புண்ணாயிற்று. சாறு பட்டதென ஐயுற்றால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராது அப்பொழுதே சோப்பிட்டுக் கழுவுக. கயிறு, காலணி, உடை ஆகியவற்றையும் கழுவுதல் வேண்டும். அவற்றில் ஒட்டியிருக்கும் சாறு பின்னரும் தீங்கு செய்யும்.

எழுந்த கொப்புளத்தை உடைத்தலாகாது. முகம் வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் அக்கணமே மருத்துவமனைக்கு விரைக.

ஆதலின் மாணவ நண்பர்காள்! மலைக்குச் செல்லுமுன் முழுக்கைச் சட்டையும் ஒரு துண்டுச் சோப்பும், குடிநீரன்றிக் கழுவுவதற்கென வேறு நீரும் எடுத்துச் செல்லுங்கள். பற்றுமுன் பாருங்கள். அவ்வூரார் ஒருவரிடம் அங்குள்ள செடிகளின் பெயரைக் கேட்டறிந்து ஏறுங்கள். அன்று யாம் அவ்வாறு கேட்டிருப்பின், எம் நண்பர் அத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்திரார்.