பழைய அத்திவாரத்தில் கல் வைக்கும் முன்

1990 இல் வலிகாமம் வடக்கைவிட்டுப் புறப்பட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, இதுதான் எங்கள் வளவு என்று அடையாளம் காட்டியது கிணறுதான். வீடு இருந்த இடத்தில் பற்றை. பற்றையை வெட்டினால் முழங்கால் உயரத்தில் அத்திவாரம். அதைக் கண்டதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே: அப்பு போட்ட அத்திவாரம் இருக்கிறது, அதன்மேல் சுவரை எழுப்பினால் கல்லும் சீமெந்தும் கூலியும் மிச்சம்.

நியாயமான எண்ணம்தான். ஆனால் முதற் கல்லை வைக்கும் முன் சில அளவுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டுத்திட்ட உதவிப்பணம் கட்டங்கட்டமாகவே கிடைக்கும். அத்திவாரத்துக்கான பணம் பிழையான இடத்தில் செலவாகிவிட்டால் அதே வேலைக்கு இரண்டாம் தடவை பணம் கிடைக்காது.

"என் காணியில் நான் கட்ட யாரிடம் கேட்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். இரண்டு சட்டங்கள் இதில் முக்கியமானவை. ஒன்று 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். மற்றது 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அந்த அதிகார சபையின் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இது பொருந்தும். உங்கள் கிராமம் எதற்குள் வருகிறது என்பதைச் சபைக் கந்தோரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எதுவாயினும் சாதாரண வீடொன்றுக்கான விண்ணப்பத்தை நீங்கள் கொடுப்பது சபையிடம்தான். உதவி நிறுவனத்தின் பொறியியலாளர் வரைபடத்தில் வைக்கும் ஒப்பம் சபையின் அனுமதி ஆகாது. இதைச் சிலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் வீதியைப் பாருங்கள். சபைக் கந்தோரில் "வீதிக் கோடு", "கட்டடக் கோடு" என்று இரண்டு சொற்களைக் கேட்பீர்கள். வீதிக் கோடு என்பது அந்த வீதி எவ்வளவு அகலத்துக்கு இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட எல்லை. இன்று வீதி ஒடுக்கமாகக் கிடந்தாலும் நாளை அகட்டப்படும்போது அதுவரை போகலாம். கட்டடக் கோடு அதற்கும் உட்புறமாக உங்கள் வளவுக்குள் விழுவது. வீட்டின் முகப்பு அதைத் தாண்டி வீதிப் பக்கம் வரக்கூடாது. பொதுவாக இவை வீதியின் நடுவிலிருந்து அளக்கப்படுகின்றன, உங்கள் வேலியிலிருந்து அல்ல. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் விறாந்தையும் முன் மதிலும் ஒழுங்கையோடு ஒட்டியே இருந்தன. ஆகவே பழைய அத்திவாரத்தின் முன்பகுதி இன்று கட்டடக் கோட்டுக்கு வெளியே விழுவதற்கு நிறைய இடமுண்டு. அப்படி விழுந்தால் முழு அத்திவாரத்தையும் கைவிட வேண்டியதில்லை. பின்பகுதியை மேசனாரிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் காட்டி, உறுதியாக இருந்தால் அதில் கட்டலாம். முன்பகுதிக் கற்களைக் கிளப்பி எடுத்து வேறு சுவருக்குப் பயன்படுத்தலாம்.

எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள் இல்லாத ஆண்டுகளில் பழைய ஒழுங்கைகள் சில காடாகிப்போயின. காணிகளின் நடுவே புதிய பாதைகள் விழுந்தன. இன்று வாகனம் போய்வரும் தடத்தைப் பார்த்து எல்லை போடாதீர்கள். அயலவர் முந்திவந்து வேலி அடைத்திருந்தால் அந்த வேலியையும் அப்படியே நம்ப வேண்டாம். வேலி அரக்குவது இடம்பெயர்வுக்கு முன்பே நாங்கள் நன்கு அறிந்த கலைதானே. உறுதியையும் பழைய நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து கல் நாட்டுங்கள். இரு பக்கத்து அயலவரும் அந்த நேரம் நிற்பது நல்லது. உறுதி தொலைந்திருந்தால் அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். வீதி யாருக்குரியது என்பதையும் கேட்டறியுங்கள்: காங்கேசன்துறை வீதி போன்ற பெருவீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபை. மயிலிட்டி, ஊறணி போன்ற கரையோரக் கிராமங்களில் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

அடுத்தது கிணறும் மலசலகூடமும். இதை நாங்கள் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே விடுகிற கழிவு மண்ணில் வடிபடாமல் விரைவாகவே நிலத்தடி நீரைச் சேரும். நாங்கள் குடிப்பதும் அந்த நீரைத்தான். மனிதாபிமான உதவி நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் நியமம், மலக்குழிக்கும் நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் தூரமும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 1.5 மீற்றரும் இருக்க வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறை நிலத்தில் இந்தத் தூரம்கூடப் போதாமல் போகலாம். உங்கள் கிணற்றை மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். மூன்று பக்கத்து அயலவரின் கிணறுகளையும் அளவுங்கள். அவர்கள் இன்னும் திரும்பி வராவிட்டாலும் கிணறு அங்கேதான் இருக்கிறது. நீர்மட்டத்தை மாரியில் பாருங்கள், கோடையில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். சிறிய வளவில் 30 மீற்றர் கிடைக்காது என்றால், குழி வெட்டும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அடி திறந்த குழிக்குப் பதிலாக நீர் ஒழுகாத தொட்டி கட்டும்படி அவர் சொல்லக்கூடும். செலவு கூடத்தான். பிறகு புதுக் கிணறு வெட்டுவதைவிட அது குறைவு.

பங்குக் கிணறு என்றால் உறுதியில் "வழி வாய்க்கால்" உரித்து எழுதியிருக்கும். அந்த வழியின்மேல் குசினியைக் கட்டிவிட்டால் பங்காளிகளுடன் வழக்குத்தான்.

மூன்றாவது, காணியைப் பிரிப்பது. போகும்போது சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று குடும்பங்களாகத் திரும்பி வருகிறார்கள். தகப்பனின் காணியில் மூன்று வீடுகள் தேவைப்படுகின்றன. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொருந்தும் இடங்களில், புதிதாகப் பிரிக்கும் வீட்டுக்காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கும், அகலம் 6 மீற்றருக்கும் குறையக்கூடாது. 150 சதுர மீற்றர் என்பது ஏறக்குறைய 6 பேர்ச், எங்கள் கணக்கில் 11 குழிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பரப்புக் காணியை, அதாவது 36 குழியை, மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 12 குழி வரும். போதும் போலத் தெரியும். பின் துண்டுகளுக்குப் போக 10 அடி அகலத்தில் 80 அடி நீளப் பாதை விட்டுப் பாருங்கள். பாதைக்கே 5 குழிக்கு மேல் போய்விடும். மிச்சத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 10 குழி சொச்சந்தான். நொத்தாரிசு உறுதி எழுதிவிடுவார், ஆனால் அந்தத் துண்டில் வீடு கட்டச் சபை அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆகவே நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ முடிக்கும் முன் பிரிப்புப் படத்தைச் சபையில் அங்கீகரித்துக்கொள்ளுங்கள். மூன்றாகப் பிரிக்க முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் பின்னர் மாடி வைக்கக்கூடிய அத்திவாரமாகப் போடுவதுபற்றி யோசிக்கலாம்.

வீட்டைச் சுற்றி வெளியும் விட வேண்டும். வளவின் மூன்றில் ஒரு பங்காவது கட்டடமின்றி இருக்க வேண்டும் என்பது பழைய கட்டளைச் சட்டத்திலேயே உள்ள விதி. பின்பக்கமும் திறந்த வெளி தேவை. சரியாக எல்லையிலேயே சுவர் எழுப்பினால் அந்தச் சுவரில் யன்னல் வைக்க முடியாது. கூரைத் தண்ணீரும் அயலவரின் வளவில் விழக்கூடாது.

வீட்டோடு கடை, தையல் என்று சிறிதாகத் தொடங்குவோர் சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அரிசி ஆலை, வெல்டிங் வேலைத்தளம் போன்றவற்றுக்குத் தனியான அனுமதிகள் உண்டு.

விண்ணப்பத்தோடு உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம், வீட்டு வரைபடம் ஆகியவை கேட்கப்படும். காணி இறந்த தகப்பனின் பெயரில் இருந்தால் மற்ற உரித்தாளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடமிருந்து அது வந்துசேர மாதங்கள் ஆகலாம், எனவே இதை முதலில் தொடங்குங்கள். அனுமதி கிடைத்தால் அது பொதுவாக ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும். அதற்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் காலாவதியாகும் முன்பே நீடிப்புக் கேளுங்கள். வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். பின்னர் வங்கிக் கடனுக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள். அனுமதியின்றிக் கட்டினால் வேலையை நிறுத்தும்படி அறிவித்தல் வரலாம். அதற்கும் இணங்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் இடிக்கும்படி கட்டளையிடவும் முடியும்.

சபையில் கட்டும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தின் ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி, இந்தக் கைநூலோடு சேர்த்து வையுங்கள்.