சத்தமே இல்லாத லினக்ஸ்

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டேன். வீடியோ ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. சவுண்ட் கார்டு போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுப் புது கார்டு வாங்கிவிடாதீர்கள். விண்டோஸில் பாடிய கார்டு லினக்ஸில் பாடாவிட்டால், பெரும்பாலும் கோளாறு செட்டிங்கில்தான். மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் இருக்கிறதா? அப்படியானால் ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டை அனலாக் ஆக்குங்கள்.

அப்படியும் ஊமை என்றால், டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் கட்டளையைக் கொடுங்கள் (ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல்). எஃப்6 தட்டி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், பிசிஎம், ஹெட்போன் என்று பட்டைகள் வரிசையாக நிற்கும். எதன் அடியிலாவது 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகிவிடும். பிறகு மேல் அம்புக்குறியால் ஒலியை ஏற்றுங்கள். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா, சேனல்களை மூடிவைத்தே தொடங்கும் வழக்கமுள்ளது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்னவாம்!

பட்டியலில் கார்டே தென்படவில்லையா? பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.