செக்கண்ட் எம்.பி. புள்ளி எதுவரை வரும்?



மருத்துவபீடத்து அடிப்படை விஞ்ஞானப் பாடங்களுக்கான செக்கண்ட் எம்.பி. பரீட்சையில் உடற்கூற்றியல் மட்டுமட்டாகத் தேறியிருக்கிறது, உடற்றொழிலியலை மறுபடி எழுதவேண்டும். இனி நிபுணராகும் பாதை அடைபட்டுவிட்டதா என்பதே உம்முடைய கேள்வி. மண்டைதீவிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண மருத்துவபீடத்துக்குப் போன பிள்ளை என்று ஊர் பெருமையாகச் சொல்லும்போது, இதை வீட்டில் வாய்விட்டுக் கேட்பதும் உமக்குக் கடினம்தான். பாதை அடைபடவில்லை. ஆனால் ‘அந்தப் புள்ளியெல்லாம் ஒன்றுமில்லை, விடும்’ என்று மூத்த பட்ச்காரர் சொல்லும் ஆறுதலை நான் சொல்லமாட்டேன். அந்தப் புள்ளியைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அந்தப் பாடத்தையோ வாழ்நாள் முழுவதும் உம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் சிலர் வீணாக மனமுடைகிறார்கள், வேறு சிலர் வீணாக அசட்டையாக இருக்கிறார்கள்.

இலங்கையில் ஒருவர் நிபுணராகும் வழியை நிதானமாகப் பாரும். இறுதி எம்.பி.பி.எஸ். முடிந்ததும் நாடு முழுவதற்குமான தகுதி வரிசையில் பெயர் வரும். அதன்படி வைத்தியசாலையைத் தெரிந்து, ஆறு மாதம் ஒரு துறையிலும் ஆறு மாதம் இன்னொன்றிலுமாகப் பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி. பிறகு இலங்கை மருத்துவ சபையின் முழுப் பதிவு, அரச சேவையில் நியமனம். உள்ளகப் பயிற்சிக்குப் பின் ஓராண்டு வேலை செய்தபிறகே கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின், எல்லோரும் பி.ஜி.ஐ.எம். என்கிற இடத்தின், தெரிவுப் பரீட்சை. அந்தப் பரீட்சையில் எடுக்கும் புள்ளிதான் வாசலைத் திறக்கும். எம்.டி., வெளிநாட்டுப் பயிற்சி, நிபுணர் சான்று எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ‘உடற்றொழிலியலில் எத்தனை எடுத்தீர்?’ என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதுதான் நிலைமை. பட்டமேற்படிப்பு இடத்தைத் தீர்மானிப்பது நீட் பி.ஜி. தரவரிசை. அதன்மேல் கிராமங்களில் பணிசெய்யும் அரச மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. தொடக்க ஆண்டுகளில் என்ன எடுத்தார் என்பதைவிட எங்கே வேலைசெய்தார் என்பதற்கு அங்கே எடை அதிகம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

செக்கண்ட் எம்.பி. புள்ளிக்கு எடை உள்ள இடங்களும் உண்டு. மருத்துவபீடத்திலேயே விரிவுரையாளராக விரும்பினால் பட்டத்தின் வகுப்பைப் பார்ப்பார்கள். தங்கப்பதக்கம், துறைப் பரிசு என்பவற்றுக்கும் அப்படியே. மீண்டும் மீண்டும் தவறி பட்ச்சை விட்டுப் பிந்தினால் இழப்பு காலத்தில் வரும். உள்ளகப் பயிற்சி பிந்தும், அதன் பின்னால் பி.ஜி.ஐ.எம். பரீட்சைக்கு இருக்கும் நாளும் பிந்தும். ஆகையால் உமக்கு முன்னால் இப்போது உள்ள உண்மையான ஆபத்து இந்தத் தடவையின் புள்ளியில் இல்லை, இரண்டாந் தடவையையும் தவறவிடுவதில்தான் இருக்கிறது.

வெளிநாடு போக நினைப்பவர்கள் வேறு கவலை சொல்வார்கள். 2022க்குப் பிறகு எத்தனை இளம் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பதை நீரும் கண்ணால் பார்க்கிறீர், அதனால் அந்தக் கவலையை ஒதுக்க முடியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாரும். அமெரிக்காவில் அடிப்படை விஞ்ஞானங்களைச் சோதிக்கும் யு.எஸ்.எம்.எல்.ஈ. முதற்கட்டப் பரீட்சைக்கு 2022 ஜனவரி முதல் புள்ளி இல்லை, தேறினீரா இல்லையா என்பது மட்டுமே. பிரித்தானியாவில் மாணவரை வகுப்பில் பத்துப் பங்காகப் பிரித்து, அந்தப் பங்கின்படி முதற்பயிற்சி இடம் கொடுத்த முறையை 2024 சேர்க்கையிலிருந்து கைவிட்டார்கள். இப்போது அங்கே விருப்பப்பட்டியலும் கணினி தரும் வரிசையுந்தான். அமெரிக்கப் பரீட்சை அங்கே போக விரும்பும் வெளிநாட்டு வைத்தியருக்கும் உரியது. பிரித்தானிய முறையோ பெரும்பாலும் அவர்களுடைய சொந்த மாணவர்களுக்கானது. நீர் பிரித்தானியாவுக்குப் போனால் பிளாப், எம்.ஆர்.சி.பி. போன்ற பரீட்சைகள்தான் உமக்கு முன்னால் நிற்கும். எனினும் பெரிய நாடுகளே தொடக்கக்கால எண்ணை நம்பித் தீர்மானம் எடுப்பதிலிருந்து பின்வாங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. முழுவதும் பின்வாங்கிவிடவில்லை. அமெரிக்கப் பயிற்சி இடங்களுக்குப் புள்ளிப்பட்டியல் இன்னும் போகிறது, தவறிய தடவைகளையும் அங்கே கவனிப்பார்கள்.

இனி, ஆய்வு தெரிந்தவர் ஒருவர் குறுக்கிட்டு, ‘ஆரம்பத்தில் நன்றாக எடுப்பவர்தானே கடைசியிலும் நன்றாக எடுக்கிறார்’ என்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. மக்மானஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வு, பள்ளிக்கூடப் பரீட்சையிலிருந்து எம்.ஆர்.சி.பி. வரை ஒரு தொடர்ச்சி ஓடுவதைக் காட்டி, அதைக் கல்வியின் முதுகெலும்பு என்றது. ஆனால் பர்கசன் முதலானோர் 2002இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்னைய கல்விப் பெறுபேறு பட்டப்படிப்புக்கால வேறுபாட்டில் 23 வீதத்தையும், பட்டத்துக்குப் பிந்திய திறமையின் வேறுபாட்டில் 6 வீதத்தையும் மட்டுமே விளக்குகிறது என்று கண்டார்கள். தொடர்ச்சி உண்டு, ஆனால் போகப்போக அது மெலிகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2005இல் பாப்படாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. பின்னாளில் மருத்துவ சபைகளால் தண்டிக்கப்பட்ட 235 அமெரிக்க வைத்தியர்களின் மாணவப் பதிவேடுகளை அவர்கள் கிளறினார்கள். முதல் இரண்டாண்டுக் குறைந்த புள்ளிக்கும் அந்தத் தண்டனைக்கும் தொடர்பு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் அதன் பங்கு 7 வீதம், மாணவக்காலத்து ஒழுங்கீனத்தின் பங்கு 26 வீதம். அதிலும் மிக வலுவாக நின்றவை இரண்டு: கடும் பொறுப்பின்மை, தன்னைத் திருத்திக்கொள்ள இயலாமை. குறைந்த புள்ளி வந்தபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பது அந்தப் புள்ளியைவிட அதிகம் சொல்கிறது என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

உம்முடைய புள்ளி எதை அளந்தது என்பதையும் கேட்கவேண்டும். உயர்தரத்தைத் தமிழில் எழுதி வந்த பிள்ளை, குறுகிய காலத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, ஆங்கிலத்தில் வாசித்து, வாய்மொழிப் பரீட்சையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும். எப்போதும் இப்படி இருந்ததில்லை: மானிப்பாயில் மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கு நூல்களும் செய்தார். அந்த வழி தொடரவில்லை. ஆகவே தொடக்க ஆண்டுகளின் புள்ளியில் ஒரு பங்கு நரம்பையும் தசையையும் பற்றியது, இன்னொரு பங்கு மொழியைப் பற்றியது. 1990க்குப் பின் மின்சாரமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, 1995 ஒக்ரோபர் இறுதியில் புத்தகத்தோடு இடம்பெயர்ந்த மாணவர்களின் புள்ளியில் போருக்கும் ஒரு பங்கு இருந்தது. அளவுகோல் அளப்பதெல்லாம் ஆளுடைய தகுதி அல்ல.

அப்படியானால் உடற்றொழிலியலைத் தேறினால் போதுமா? போதாது. நெடுந்தீவு வைத்தியசாலையில் இரவுக் கடமையில் ஒரேயொரு வைத்தியர் இருப்பதாக வைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரத்தம் போகிறது. குருதி அமுக்கத்தைப் பார்க்கிறார், சாதாரணமாக இருக்கிறது. ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இளம் உடலில் மொத்தக் குருதியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போகும்வரை மேலமுக்கம் பெரிதாகக் குறையாமல் நிற்கலாம். நாளங்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, தோல் குளிர்கிறது, மேலமுக்கத்துக்கும் கீழமுக்கத்துக்கும் உள்ள இடைவெளி ஒடுங்குகிறது. கர்ப்பகாலத்தில் குருதியின் கனவளவு கூடியிருப்பதால் தாயிடம் ஆபத்து இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். அமுக்கம் விழுந்தபிறகு விளங்கிக்கொண்டால், குறிகட்டுவான் துறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று நீளும் தெரு, இவற்றுக்கு நேரம் கிடைக்காது. நாடித்துடிப்பைப் பார்த்தவுடனே படகுக்குச் சொல்லி அனுப்புகிறவருக்கே அந்த நேரம் கிடைக்கும். இது முழுவதும் செக்கண்ட் எம்.பி. பாடம். பி.ஜி.ஐ.எம்.மின் சத்திரசிகிச்சை, மயக்க மருந்துத் துறைப் பரீட்சைகள் இதே அடிப்படை விஞ்ஞானங்களைத் திரும்பக் கேட்பதற்கும் காரணம் இதுதான்.

இன்னொரு கவலையும் உமக்கு இருக்கும்: தகுதி வரிசையில் கீழே போனால் தீவுப்பகுதிதான் கிடைக்கும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது. வரிசையில் மேலே உள்ளவர் நகரத்தை எடுப்பார், மிஞ்சிய இடம் மிஞ்சியவருக்கு. நெடுந்தீவிலும் அயல் தீவுகளிலும் வைத்தியர் பற்றாக்குறை தீராமல் இருப்பதற்கு இந்த மனப்போக்கும் ஒரு காரணம். மண்டைதீவு நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உம்முடைய வீட்டார் தாம்போதியால் ஓடிவந்துவிடலாம், கடைசித் தீவில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. துணைக்கு நிபுணர் இல்லாத, ஆய்வுகூடம் சிறியதான இடத்துக்கு அடிப்படை நன்றாகத் தெரிந்தவர்தான் முதலில் போகவேண்டும். அந்த இடத்தைக் குறைந்த புள்ளிக்கான தண்டனையாகப் பேசும் வழக்கம் தலைகீழானது. உம்முடைய வாயில் அந்தப் பேச்சு வரக்கூடாது என்று விரும்புகிறேன்.

தகுதி வரிசை பெருமளவில் இறுதி ஆண்டுப் பரீட்சையைத்தான் சார்ந்தது, அது உமக்கு இன்னும் சில ஆண்டு தள்ளியிருக்கிறது. கணக்கிடும் முறை காலத்துக்குக் காலம் மாறுவதால் உம்முடைய பட்ச்சுக்கான சுற்றறிக்கையை நீரே வாசியும், கன்ரீன் பேச்சை நம்ப வேண்டாம். மறுபரீட்சைக்குக் குருதிச் சுற்றோட்டத்தையும் சிறுநீரகத்தையும் சுவாசத்தையும் முதலில் எடும். மருந்தியலும் நோயியலும் அவற்றின் மேலேதான் கட்டப்படும். வினாத்தாள் தொகுப்பைப் பாடமாக்குவதை விட்டு, ஒவ்வொரு பகுதியையும் முதலில் தமிழில் உமக்கே விளங்கப்படுத்திப் பாரும், பிறகு அதையே ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லும். எங்கே தடக்குகிறது என்று அப்போது தெரியும்: மொழியிலா, விளக்கத்திலா. மொழியில் என்றால் வாட்டுக்குப் போகும் நாட்களில் அது தானாகத் தேறும். விளக்கத்தில் என்றால் விரிவுரையாளரிடம் போய்க் கேளும், இந்தக் கிழமையே.