பழைய தட்டும் புதிய தட்டும்

எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வயது பன்னிரண்டு. அதை இயக்கிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனால், உம்மா திரும்பி வரும்போதும் திரை முழுமையாக வந்திருக்காது. ஆனால், அதற்குள்தான் உம்மம்மாவின் குரல் இருந்தது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, சோனகதெரு வீட்டின் ஒரு புகைப்படத்தைக்கூட உம்மம்மாவால் கொண்டுபோக முடியவில்லை. அதனால் அந்த வீட்டையும் கிணற்றடியையும் அயலவர்களையும் பற்றி அவர் சொன்னவற்றை வாப்பா பதிவு செய்து வைத்தார். மொத்தம் பதினான்கு ஒலிப்பதிவுகள். உம்மம்மா வபாத்தாகிவிட்டார். அப்பதிவுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

வாப்பாவின் வேலை காரணமாக நாங்கள் இப்போது தெல்லிப்பழையில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருநாள் கணினியிலிருந்து 'டிக், டிக்' என்று ஒலி கேட்டது. வீட்டுக்கார அன்ரியிடம் சொன்னேன். அவர்களும் 1990இல் இவ்வூரை விட்டு இடம்பெயர்ந்தவர்கள்.

"எங்கடை கலியாணப் படமும் அப்ப போனதுதான் பிள்ளை. கையிலை இருக்கேக்கையே எடுத்து வை" என்றார்.

வன்தட்டுக்குள் காந்தப்பூச்சுள்ள வட்டுகள் சுழல்கின்றன. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அவற்றைத் தொடாமல், மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் வாசிப்பு முனை மிதக்கிறது. 'டிக்' ஒலி அந்த முனை தடுமாறுவதன் அறிகுறியாக இருக்கலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகைச் சேமிப்பகத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை. பழைய கணினியில் 'சாட்டா' இணைப்பு இருந்தால் அதைப் பொருத்தலாம். தோழியரே, நான் செய்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, உயிரான கோப்புகளை முதலில் காப்பாற்றுங்கள். தட்டு தளர்ந்திருந்தால் அதற்கு அதிக வேலை கொடுக்கக்கூடாது. படங்கள், ஒலிப்பதிவுகள், ஆவணங்களை வெளித் தட்டொன்றுக்குக் 'கொப்பி' செய்யுங்கள். 'கட்' செய்யவே வேண்டாம்.

இரண்டாவது, பிரதியைச் சோதியுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவும் போதாது, திறந்து பாருங்கள். நான் பதினான்கு பதிவுகளையும் கடைசிவரை கேட்டேன். பதினோராவது பதிவு பாதியில் நின்றது. பழைய தட்டில் மூலம் அழியாமல் இருந்ததால், மீண்டும் பிரதி எடுத்தேன். இம்முறை முழுமையாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாவது, அளவு பார்த்து வாங்குங்கள். நான் முதலில் 480 கிகாபைட் வாங்கினேன். எங்கள் பழைய தட்டு 500. உள்ளே பாதிகூட நிரம்பவில்லையே என்று நினைத்தேன். ஆனால் தட்டு முழுவதையும் அப்படியே பிரதி செய்யும் 'குளோனிங்' முறையில், இலக்குத் தட்டு சிறிதாக இருந்தால் மென்பொருள் பெரும்பாலும் மறுத்துவிடும். கடைக்காரர் 500 கிகாபைட் மாற்றித் தந்தார். அதைக் கணினி 465 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு.

நான்காவது, குளோனிங். 'குளோன்சில்லா' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மூலத் தட்டு எது, இலக்குத் தட்டு எது என்று இருமுறை பாருங்கள். மாறிவிட்டால் வெறுந்தட்டு பழையதின்மேல் எழுதப்பட்டு எல்லாம் அழிந்துவிடும். பழைய யூ.எஸ்.பி. இணைப்பில் பல மணி நேரம் எடுக்கும். மின்வெட்டை எண்ணி மின்கலத்தை நிரப்பி வையுங்கள்.

ஐந்தாவது, கணினியை நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றி, புதிய தட்டைப் பொருத்துங்கள். எல்லாம் சரியாக இயங்கினாலும் பழையதைச் சில வாரங்களுக்கு அழிக்காதீர்கள்.

இவ்வேலை நமது மண்ணுக்குப் புதியதல்ல. சிறுப்பிட்டியில் பிறந்து, தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு வருந்தினார். பல இடங்களிலிருந்தும் பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றினார். அதுவும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலைதான். மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஒரே ஒரு பிரதி இருப்பது, பிரதியே இல்லாததற்கு ஓரடி முன்னால் நிற்பதுதான்.

இப்போது எங்கள் கணினி ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. உம்மம்மாவின் குரல் அதில் ஒன்று, வெளித் தட்டில் ஒன்று, புத்தளத்தில் நானாவிடம் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. பழைய தட்டைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் கணினியும் பழையதென்றால், அது 'டிக்' என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.