கைடு சொன்னாலும் தலைப்பை மாற்றாதீர்கள்

புதுச்சேரி ஏம்பலத்திலிருந்து சுற்றுச்சூழல் படிக்கப் போகிறேன் என்றதும் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை என்றே ஊரில் நினைத்தார்கள். நான் சேர்ந்தது ஏரியையும் காட்டையும் வரலாறு, இலக்கியம், ஊடகம் வழியாகப் பார்க்கிற முதுகலை. நீங்களும் சேரப் போகிறீர்களா? நுழைவுத் தேர்வு எழுதுங்கள், கல்விக் கடனுக்கு அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், விடுதிச் சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் கல்லூரியில் எல்லோரும் எழுதும் சுற்றுச்சூழல் தாளை வைத்து இந்தப் படிப்பை எடைபோடாதீர்கள். இவ்வளவும் யாரும் சொல்லித் தருவார்கள். ஆய்வேட்டுத் தலைப்பைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

நான் கொண்டுபோன தலைப்பு பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே அங்கே வருகிறது. வாய்க்காலுக்குப் பின்னால் பங்காரி, சிங்காரி என்ற இரு பெண்களின் கதையை இன்றும் சொல்வார்கள். மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பாகூர் குப்புசாமி தொகுக்க, விஜயவேணுகோபால் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006இல் புத்தகமாகவே போட்டிருக்கிறது. பாகூரில் நடந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உயர்கல்வி நடந்த இடம். இதற்குமேல் என்ன வேண்டும்?

கைடுக்குப் போதவில்லை. “ரொம்ப லோக்கலா இருக்கே, தியரி எங்க?” என்றார். அமெரிக்க நாவல்களில் பருவநிலை மாற்றம் என்று ஒரு தலைப்பை அவரே எழுதிக் கொடுத்தார். கடன் வாங்கிப் படிக்கிறவன் கைடோடு மல்லுக்கு நிற்க முடியுமா? மாற்றிக்கொண்டேன். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை பிறகு தெரிந்தது. வேலை கேட்டுப் போன பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர், “உங்க பாகூர்ப் பக்கம் போர் தண்ணி உப்பாகுதாமே, நாளைக்குள்ள ஒரு பக்கம் எழுதித் தாங்க” என்றார். என்னிடம் ஒரு விவசாயியின் போன் நம்பர் இல்லை, பொதுப்பணித் துறையில் தெரிந்த பொறியாளர் இல்லை, மதகின் ஒரு படம்கூட இல்லை. படிக்கிற காலத்தில் சேர்த்திருக்க வேண்டிய சரக்கு அத்தனையும் அந்த நாவல்களுக்குப் போய்விட்டது. அதே கைடு பிறகு ஒரு கருத்தரங்கில் கிராமத்து ஏரிகளைப் பற்றிப் பேசினார். எனக்கும் அழைப்பிதழ் வந்தது. போகவில்லை.

ஆகவே உங்கள் ஊர் ஏரியை எடுங்கள். ஆங்கிலத்தில் சமர்ப்பித்தாலும் ஒவ்வொரு இயலையும் தமிழில் ஒருமுறை எழுதி, வீட்டில் பயிர் வைக்கிற பெரியவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். வேலை கிடைக்காமல் திரும்பி வந்து ஏரியைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையைப் பெரியப்பா மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, மதகு எப்ப தொறப்பாங்கன்னு ஒரு வார்த்த இல்லியே? நெல்லு வச்சவனுக்கு ஒரு கணக்கு, கரும்பு வச்சவனுக்கு ஒரு கணக்கு. அத உட்டுட்டு ஏரியப் பத்தி இன்னா எழுதுவ?” கைடு ஒருநாளும் கேட்காத கேள்வி. அந்த இரண்டு கணக்கையும் போட்ட பிறகுதான் கட்டுரை அச்சேறியது.

இன்னொன்று. சூழல் செய்தியைக் கிராம சபையில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் பாடப்புத்தகம். அது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சரி. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2006இல்தான். அந்தப் பதவிக்காலமும் 2011இல் முடிந்தது. ஆகவே மன்றத்தை நாமே தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஏரிகளைச் சீரமைத்தபோது ஊருக்கு ஊர் சங்கம் அமைத்தார்கள். அதில் இருந்தவர்களை முதலில் பிடியுங்கள். அடுத்தது பால் சங்கம். விடியற்காலையில் கேனோடு வரிசையில் நிற்பவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள். ஐந்து நிமிஷம் பேசலாம். பவர்பாயிண்ட் வேண்டாம், போரில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள், மீதியை அவர்களே பேசுவார்கள்.