வேட்டைக் காட்டில் யார் எங்கே?

கேள்வி: டென்வரில் வசிக்கிறேன். மைத்துனர், இரண்டு நண்பர்களுடன் கொலராடோ மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். எந்த ஜி.பி.எஸ். கருவி வாங்கலாம்?

பதில்: உங்களைப் போலக் குழுவாகப் போகிறவர்களுக்கு கார்மின் ரைனோ வகைதான் என் தேர்வு. அதில் ஜி.பி.எஸ்ஸோடு வாக்கி டாக்கியும் உண்டு. பேசுபவர் நிற்கும் இடம் மற்றவர்களின் ரைனோ வரைபடத்தில் தெரியும். அதற்கு நால்வரிடமும் ரைனோ இருக்க வேண்டும். துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டக்கூடாது என்பதை அறிய இது பெரிய உதவி. ஆனாலும் திரையில் தெரிவது ஒருவரிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்தபோது அவர் நின்ற இடம். சுடுமுன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ரைனோவின் வாக்கி டாக்கி பயன்படுத்தும் ஜி.எம்.ஆர்.எஸ். அலைவரிசைக்கு உரிமம் வேண்டும்: 35 டாலர், 10 ஆண்டு, தேர்வு கிடையாது. உங்கள் உரிமம் மைத்துனருக்கும் செல்லும். நண்பர்கள் தனித்தனியே எடுக்க வேண்டும்.

மலை குறுக்கிட்டால் ரேடியோ எட்டாது. ஆகவே ஒருவரிடமாவது செயற்கைக்கோள் வழியே எஸ்.ஓ.எஸ். அனுப்பும் இன்ரீச் கருவி இருக்கட்டும். அதற்குச் சந்தா தனி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி வேண்டும்.

வேட்டையில் ரேடியோ பயன்படுத்தும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நீங்கள் போகும் ஆண்டின் கொலராடோ வேட்டைக் கையேட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.